டிராபிக் தண்டப்பணத்தைப் பிந்திக் கட்டினால் என்ன ஆகும்? மலையகத்தில் புதிதாக லைசன்ஸ் எடுத்தவர்களுக்கு

லைசன்ஸ் கைக்கு வந்த கையோடு பைக்கையோ ஆட்டோவையோ எடுத்துக்கொண்டு ஹட்டனுக்கும் பண்டாரவளைக்கும் ஓட ஆரம்பித்திருக்கிற தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். எவ்வளவு கவனமாக ஓட்டினாலும் என்றைக்காவது ஒரு நாள் பொலிஸ் மறிக்கத்தான் போகிறது, மறித்து ஒரு தண்டப்பணத் தாளை எழுதித் தந்துவிட்டு லைசன்ஸை வாங்கி வைத்துக்கொள்ளத்தான் போகிறார்கள். அதில் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் அதற்குப் பிறகு என்ன செய்ய வேண்டும் என்று சொல்லித்தர ஆளில்லாததால், ஆயிரம் ரூபாவோடு முடிந்திருக்க வேண்டிய காரியம் கோர்ட், லோயர், வரண்ட் என்று இழுபட்டுக்கொண்டு போவதை நம் தோட்டங்களில் அடிக்கடி பார்க்கிறேன். அது மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது, ஏனென்றால் அதில் முக்கால்வாசி, திகதியைக் கவனித்திருந்தால் நடந்தே இருக்காது.

மறித்த இடத்திலேயே செய்ய வேண்டியது

வாக்குவாதம் வேண்டாம். தாளை வாங்கியதும் மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பவும் வேண்டாம். அங்கேயே நின்று படியுங்கள். உங்கள் பெயர், லைசன்ஸ் இலக்கம், என்ன குற்றம், எவ்வளவு தொகை, அந்தத் தாள் எந்தத் திகதி வரை செல்லும், எந்த நீதிமன்றம், எந்தத் திகதி என்று அதில் பகுதிகள் இருக்கும். பெரும்பாலும் உத்தியோகத்தர் சிங்களத்தில் அவசரமாக எழுதியிருப்பார், அதுவும் கார்பன் பிரதி என்பதால் எழுத்து மங்கலாகத்தான் இருக்கும். விளங்கவில்லை என்றால் "சேர், இது என்ன குற்றம், எவ்வளவு கட்ட வேண்டும்?" என்று மரியாதையாகக் கேளுங்கள். தமிழ் தெரிந்தவர் அங்கே இருந்தால் அவரைச் சொல்லச் சொல்லுங்கள். தமிழில் விளக்கம் கேட்பது உங்கள் உரிமை, நாட்டின் அரசியலமைப்பே தமிழை அரச கரும மொழியாக வைத்திருக்கிறது. நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் பல பிரதேச செயலாளர் பிரிவுகள் இருமொழிப் பிரிவுகளாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டவை. கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்று பேசாமல் வருவதால்தான் பாதிப் பேருக்குத் தங்கள் மேல் எழுதப்பட்ட குற்றம் என்னவென்றே தெரிவதில்லை.

எந்தப் பொலிஸ் நிலையத்தைச் சேர்ந்தவர்கள் என்பதைக் கட்டாயம் கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் லைசன்ஸ் அங்கேதான் போகிறது.

அப்புறம் உடனே போனை எடுத்துத் தாளின் இரண்டு பக்கத்தையும் போட்டோ எடுத்து வீட்டில் ஒருவருக்கும் அனுப்பி வையுங்கள். நம் பக்கத்து மழை உங்களுக்குத் தெரியும். கினிகத்தேனையில் எழுதிய தாளை ரெயின்கோட் பைக்குள் வைத்துக்கொண்டு நோர்வூட் போய்ச் சேரும்போது அது நனைந்து, மை கலங்கி, மடிப்பில் கிழிந்து இருக்கும். லைசன்ஸ் பொலிஸிடம் இருக்கும் வரை அந்தத் தாள்தான் உங்களுக்குத் தற்காலிக லைசன்ஸ், வழியில் வேறு யாராவது மறித்தால் காட்ட வேண்டியதும் அதுதான். ஒரு பொலித்தீன் உறைக்குள் போட்டுப் பத்திரமாக வையுங்கள்.

இன்னொன்று. அங்கேயே கையில் எதையாவது கொடுத்து முடித்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால், அது அண்ணனாக இருந்தாலும் மாமாவாக இருந்தாலும் கேட்காதீர்கள். லஞ்சம் வாங்குவது போலக் கொடுப்பதும் குற்றம், அது டிராபிக் குற்றத்தை விட எவ்வளவோ பெரிய குற்றம். பொலிஸே கேட்டால் லஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் 1954 என்ற இலக்கத்துக்கு அழைத்துச் சொல்லலாம்.

நாட்கணக்கு

இந்தத் தாள் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் வருகிறது. கணக்கு இதுதான். தாள் எழுதிய நாளிலிருந்து 14 நாளுக்குள் கட்டினால் அதில் எழுதியிருக்கிற தொகை மட்டும். 14 நாள் தாண்டி 28 நாளுக்குள் கட்டினால் இரண்டு மடங்கு. 28 நாளும் தாண்டிவிட்டால் தபாலகத்தில் வாங்கமாட்டார்கள், விஷயம் நீதவான் நீதிமன்றத்துக்குப் போய்விடும்.

ஹெல்மட் போடவில்லை என்றால் 1000 ரூபா, சீட் பெல்ட் போடாவிட்டாலும் 1000, லைசன்ஸை வீட்டில் வைத்துவிட்டு வந்தாலும் 1000, வேகமாக ஓட்டியதற்கு 3000இல் தொடங்கி, எல்லையை எந்த அளவுக்குத் தாண்டினீர்கள் என்பதைப் பொறுத்து மேலே போகும். இவையெல்லாம் 2018இல் வந்த தொகைகள். ஒரே தாளில் இரண்டு குற்றம் எழுதியிருந்தால் இரண்டும் கூடித்தான் மொத்தம். தோட்டத்தில் நாளுக்கான அடிப்படைச் சம்பளத்தை 2024இல் 1350 ரூபா ஆக்கினார்களே, அந்தக் கணக்கில் பாருங்கள்: ஹெல்மட் காசை நேரத்துக்குக் கட்டினால் அம்மாவின் ஒரு பேருக்குள், அதாவது ஒரு நாள் சம்பளத்துக்குள், அடங்கிவிடும், பிந்தினால் ஒன்றரைப் பேர். வேகத்துக்கு எழுதிய 3000 பிந்தினால் 6000, அது நாலு பேருக்கும் மேலே.

"பத்தாம் திகதி சம்பளம் போடட்டும், கட்டிக்கொள்ளலாம்" என்று நினைப்பதுதான் நம் ஆட்கள் வழக்கமாகச் செய்வது. தாள் எழுதியது பதினைந்தாம் திகதி என்றால் அடுத்த பத்தாம் திகதிக்குள் 14 நாள் போய்விடும். அதனால் கையில் காசு இல்லாவிட்டால் பக்கத்து லயத்தில் கைமாற்றாக வாங்கியாவது முதல் 14 நாளுக்குள் கட்டிவிடுங்கள். இரண்டு வாரத்தில் ஆயிரத்துக்கு ஆயிரம் வட்டி எந்த வட்டிக்காரரும் கேட்கமாட்டார்.

நாளை எண்ணும்போது கடைசி நாளை நம்பியிருக்காதீர்கள். ஞாயிறும் போயாவும் இடையில் வரும், தபால்காரர்கள் வேலைநிறுத்தம் செய்யலாம், மண்சரிந்து வீதி மூடலாம். 2020இல் ஊரடங்கு போட்டபோது அரசாங்கமே கால அவகாசத்தை நீடித்தது, ஆனால் அது நாடு முழுவதும் மூடியிருந்ததால் கிடைத்த சலுகை. உங்கள் தோட்டத்துப் பாதை மட்டும் இடிந்து விழுந்திருந்தால் யாரும் தானாக வந்து நாளைக் கூட்டித் தரமாட்டார்கள். என்னைக் கேட்டால் பத்தாம் நாளையே கடைசி நாள் என்று காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள்.

எங்கே கட்டுவது

தபாலகத்தில். தோட்டத்துக்குப் பக்கத்தில் உள்ள சின்ன உப தபாலகத்துக்குப் போய்த் திரும்பி வருவதை விட, டவுனில் உள்ள பெரிய தபாலகத்துக்கு நேரே போவது நல்லது. தாளையும் அடையாள அட்டையையும் காசையும் கொண்டு போங்கள். பணத்தை வாங்கிக்கொண்டு முத்திரை குத்திய பற்றுச்சீட்டைத் தருவார்கள். கவுண்டரை விட்டு நகரும் முன், தொகை சரியா, திகதி முத்திரை தெளிவாக விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். முத்திரை மங்கலாக இருந்தால் இன்னொரு தடவை குத்தச் சொல்லுங்கள். 14 நாளுக்குள் கட்டினீர்கள் என்பதற்கு அந்த முத்திரைதான் சாட்சி. அதையும் போட்டோ எடுங்கள்.

2025 பெப்ரவரியில் தொடங்கிய கவ்பே என்ற அரசாங்க முறையில் போனிலேயே தண்டப்பணம் கட்டும் வசதியும் வந்திருக்கிறது. அந்த ஆண்டிலிருந்து அதைப் பகுதி பகுதியாக விரித்துக்கொண்டு வருகிறார்கள். பேங்க் ஆப் வைத்திருப்பவர்கள் மறிக்கப்பட்ட இடத்திலேயே "கவ்பேயில் கட்டலாமா சேர்?" என்று கேட்டுப் பாருங்கள். கட்டியது அவருக்கு உறுதியானால் லைசன்ஸை அங்கேயே திருப்பித் தரலாம், அப்படி நடந்தால் இந்தக் கட்டுரையின் மீதிப் பாதி உங்களுக்குத் தேவையே இல்லை. இது நம் ஆட்களுக்குப் பெரிய உதவி, தெரிந்துகொண்டு பயன்படுத்துங்கள்.

காசு கட்டியதோடு வேலை முடியவில்லை

பற்றுச்சீட்டை எடுத்துக்கொண்டு, தாள் எழுதிய பொலிஸ் நிலையத்தின் போக்குவரத்துப் பிரிவுக்குப் போய் லைசன்ஸை வாங்க வேண்டும். உங்கள் ஊர்ப் பொலிஸுக்கு இல்லை, எழுதிய பொலிஸுக்கு. கொழும்பில் வேலை செய்கிற பிள்ளைகள் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் பைக்கில் ஊருக்கு வரும்போதுதான் இதில் சிக்குவார்கள். அவிசாவளையில் மறித்தால் லைசன்ஸ் அவிசாவளையில், கடுகண்ணாவையில் மறித்தால் கடுகண்ணாவையில். பண்டிகை முடிந்து திரும்பிப் போகிற வழியிலேயே கட்டி மீட்டுக்கொண்டு போவதுதான் புத்தி. "அடுத்த முறை வரும்போது பார்ப்போம்" என்று விட்டால் அடுத்த முறை வருவதற்குள் 28 நாள் போயிருக்கும்.

போகும் முன் நிலையத்துக்கு ஒரு போன் அடித்து, போக்குவரத்துப் பிரிவில் ஆள் இருப்பார்களா, லைசன்ஸ் அங்கேதான் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். லைசன்ஸைக் கையில் வாங்கியபின் உங்களுடையதுதானா என்று பாருங்கள். ஒரே பெயரில் எத்தனை பேர் இருக்கிறார்கள் நம் தோட்டங்களில்.

14 நாள் தாண்டிவிட்டது

சரி, தாண்டிவிட்டது. இரட்டிப்பாகக் கட்ட வேண்டும், அவ்வளவுதான். உடனே போய்க் கட்டுங்கள். இதில் கோர்ட் கிடையாது, வழக்குக் கிடையாது, 28 நாளுக்குள் கட்டிவிட்டால் விஷயம் அதோடு முடிந்தது.

ஆனால் இங்கே நிறையப் பேர் கவனிக்காத ஒரு குழி இருக்கிறது. 28 நாள் வரை கட்டலாம் என்பதால் 28 நாள் வரை ஓட்டலாம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அந்தத் தாள் தற்காலிக லைசன்ஸாகச் செல்வது அதில் எழுதியிருக்கிற கடைசித் திகதி வரைதான், அதாவது முதல் 14 நாள். அதற்குப் பிறகு வண்டியை எடுத்தால் செல்லுபடியாகிற லைசன்ஸ் இல்லாமல் ஓட்டியவர் ஆகிவிடுவீர்கள், அது தனிக் குற்றம், பழைய குற்றத்தோடு சேராது. விபத்து ஏதாவது நடந்துவிட்டால் இன்சூரன்ஸ் கம்பனி முதலில் கேட்கிற கேள்வியே லைசன்ஸ் செல்லுமா என்பதுதான். ஆகவே 15ஆம் நாளிலிருந்து லைசன்ஸ் கைக்கு வரும் வரை வண்டியைத் தொடாதீர்கள். ஆட்டோ ஓட்டிப் பிழைக்கிறவர்களுக்கு இது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும், அதனால்தான் முதல் வாரத்திலேயே கட்டுங்கள் என்று இவ்வளவு சொல்கிறேன்.

28 நாளும் தாண்டிவிட்டது

இப்போது பொலிஸார் நீதவான் நீதிமன்றத்தில் வழக்குப் போடுவார்கள். எந்த நீதிமன்றம் என்பது நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்ததல்ல, குற்றம் நடந்த இடத்தைப் பொறுத்தது. ஹட்டனில் நடந்தால் ஹட்டன், கம்பளையில் நடந்தால் கம்பளை, கொழும்பில் நடந்தால் கொழும்பு. கொழும்பு வழக்குக்கு லிந்துலையிலிருந்து போய் வருகிற செலவும் இழக்கிற சம்பளமும் தண்டப்பணத்தை விட அதிகமாகிவிடும்.

வழக்குப் போட்டதும் நீதிமன்றத்திலிருந்து அழைப்பாணை வரும், நீதிமன்றத்துக்கு வரச் சொல்கிற கடிதம். மலையகத்துக்கென்றே உள்ள பிரச்சினை இங்கேதான் இருக்கிறது. டவுனில் வீட்டு இலக்கமும் வீதிப் பெயரும் இருக்கிறவருக்கு அந்தக் கடிதம் வாசலுக்கு வரும். நம் லைசன்ஸிலும் அடையாள அட்டையிலும் உள்ள விலாசம் என்ன? தோட்டத்தின் பெயர், டிவிஷன் பெயர், டவுனின் பெயர். லயத்துக்கு இலக்கமும் இல்லை, பாதைக்குப் பெயரும் இல்லை. கடிதம் தோட்டத்து ஆபீசுக்கு வந்து அங்கே ஒரு மேசையில் கிடக்கும். யாராவது அந்தப் பக்கம் போகிறவர் எடுத்து வந்து கொடுத்தால் உண்டு, இல்லாவிட்டால் அடுத்த மாதம் கிடைக்கும், சில வேளை கிடைக்காமலே போகும். அதே டிவிஷனில் அதே பெயரில் மூன்று பேர் இருந்தால் வேறு யாராவது பிரித்துப் பார்த்துவிட்டுத் தனக்கில்லை என்று வைத்துவிடுவார். பிள்ளை வத்தளையில் ஹோட்டலில் வேலை செய்து கொண்டிருக்கும், கடிதம் தோட்டத்தில் கிடக்கும். திகதிக்குக் கோர்ட்டில் பெயர் கூப்பிடும்போது ஆள் இல்லை என்றால் நீதவான் பிடியாணை, அதாவது வரண்ட், கொடுக்கலாம். அவருக்கு உங்கள் லயத்தின் கதை தெரியாது, வரச் சொல்லியும் வராத ஒருவராகத்தான் நீங்கள் தெரிவீர்கள்.

அதனால் கடிதம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். தாளிலேயே நீதிமன்றமும் திகதியும் எழுதியிருந்தால் அந்தத் திகதிக்கு நீங்களாகவே போய் நில்லுங்கள். எழுதியில்லை, அல்லது வாசிக்க முடியவில்லை என்றால், தாள் எழுதிய பொலிஸ் நிலையத்தின் போக்குவரத்துப் பிரிவுக்குப் போய் வழக்குப் போட்டாயிற்றா, எந்தத் திகதி, என்ன வழக்கிலக்கம் என்று கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். அங்கே சரியான பதில் கிடைக்காவிட்டால் நீதிமன்றப் பதிவாளர் அலுவலகத்தில் கேளுங்கள். அப்படியே தோட்டத்து ஆபீசில் கடிதம் பிரிக்கிற கிளார்க் ஐயாவிடமும் தபால் கொண்டு வருகிறவரிடமும், "என் பெயருக்குக் கோர்ட் கடிதம் வந்தால் இந்த நம்பருக்குச் சொல்லுங்கள்" என்று போன் நம்பரைக் கொடுத்து வையுங்கள். வெளியூரில் வேலை செய்கிறவர்களுக்கு நான் சொல்லக்கூடிய மிகப் பயனுள்ள யோசனை இதுதான்.

கோர்ட்டுக்குப் போகிற நாள்

முதல் தடவை போகிறவர்களுக்கு வயிற்றைக் கலக்கும், அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

தாள், அடையாள அட்டை, கையில் காசு, மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். கட்டைக் காற்சட்டையும் பாட்டா செருப்பும் வேண்டாம், நீளக் காற்சட்டை, ஒழுங்கான சட்டை, சப்பாத்து. காலை எட்டரைக்கே அங்கே இருங்கள். உள்ளே போகும் முன் போனை அணைத்துவிடுங்கள். அன்றைய வழக்குகளின் பட்டியல் எங்கே ஒட்டியிருக்கிறது என்று கேட்டு உங்கள் வழக்கிலக்கத்தைப் பாருங்கள்.

இலக்கத்தை மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ளச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பெயரைக் கூப்பிடுகிற உத்தியோகத்தர் சிங்களவராக இருந்தால் நம் பெயர்கள் அவர் வாயில் வேறு மாதிரி வரும். அப்பா பெயர் முதலில் வரும், உங்கள் பெயர் பாதியோடு நிற்கும், நீங்கள் வெளியே மரத்தடியில் நின்று கொண்டிருந்தால் அது உங்களைத்தான் என்று விளங்கவே விளங்காது. வாசலுக்கு அருகில், காதில் விழுகிற இடத்தில் நில்லுங்கள். டீ குடிக்கப் போகிறீர்கள் என்றால் கூட ஒருவரை நிறுத்திவிட்டுப் போங்கள்.

கூப்பிட்டதும் போய்க் கூண்டில் நிற்க வேண்டும். குற்றச்சாட்டை வாசித்துவிட்டு, குற்றவாளியா சுற்றவாளியா என்று கேட்பார்கள். செய்தேன் என்றால் குற்றவாளி, செய்யவில்லை என்றால் சுற்றவாளி. சிங்களத்தில் நடந்து உங்களுக்கு விளங்கவில்லை என்றால் தலையை மட்டும் ஆட்டாதீர்கள். தமிழில் வேண்டும் என்று சொல்லுங்கள், மொழிபெயர்ப்பாளரை வைத்துத் தமிழில் சொல்ல வைப்பது அரசின் கடமை, அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை அதைத்தான் சொல்கிறது. இதைக் கேட்பதற்கு யாரும் உங்களைத் தண்டிக்கமாட்டார்கள்.

குற்றத்தை ஒப்புக்கொண்டால் பெரும்பாலும் அன்றைக்கே தண்டப்பணம் விதித்து முடித்துவிடுவார்கள். எவ்வளவு என்பது நீதவானின் கையில், சட்டத்தில் அந்தக் குற்றத்துக்கு உள்ள எல்லைக்குள். தாளில் எழுதியிருந்த தொகையையோ அதன் இரட்டிப்பையோ எதிர்பார்த்துப் போகாதீர்கள், கூடத்தான் வரும் என்று நினைத்துக் காசு கொண்டு போங்கள். குற்றத்தின் தன்மையைப் பார்த்து லைசன்ஸை இடைநிறுத்தவும் ரத்துச் செய்யவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் இருக்கிறது.

விதித்த தண்டப்பணத்தைக் கட்டாவிட்டால் அதற்குப் பதிலாகச் சிறை. இதைப் பயமுறுத்தச் சொல்லவில்லை, இந்த நாட்டின் சிறைகளுக்குப் போகிற தண்டனைக் கைதிகளில் பெரிய பங்கினர் தண்டப்பணம் கட்ட முடியாமல் போனவர்கள்தான், அவர்களில் பெரும்பாலோர் ஏழைகள். காசு போதவில்லை என்றால் கூண்டை விட்டு இறங்கும் முன், "கட்டக் கொஞ்சம் தவணை தாருங்கள்" என்று நீதவானிடம் கேளுங்கள். தவணை கொடுக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. வாய் திறக்காமல் இறங்கிவிட்டால் பிறகு கேட்பது கடினம்.

கோர்ட் வளாகத்தில், "நான் பேசி முடித்துத் தருகிறேன் தம்பி, மூவாயிரம் தா" என்று தோளில் கை போடுகிற ஆட்கள் வருவார்கள். லோயரும் இல்லை, கோர்ட் உத்தியோகத்தரும் இல்லை. ஒதுங்கிப் போங்கள். லோயர் வைக்க வசதியில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழு என்று ஓர் அரச அமைப்பு இருக்கிறது, வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாக உதவும். பல நீதிமன்றக் கட்டடங்களில் அதற்கு அலுவலகம் உண்டு, வாசலில் உள்ள உத்தியோகத்தரிடம் கேட்டால் காட்டுவார்.

பிடியாணை விழுந்துவிட்டால்

ஒளிந்து திரியாதீர்கள். பிடியாணை தானாக மறைந்து போகாது. அடுத்த தடவை ஏதோ ஒரு சோதனைச் சாவடியில் அடையாள அட்டையைப் பார்க்கும்போது தெரியவரும், அல்லது விடியற்காலையில் லயத்துக்கே பொலிஸ் வரும், அக்கம்பக்கம் பூராவும் வெளியே வந்து பார்க்கும். அரபு நாட்டுக்குப் போவதற்குப் பொலிஸ் சான்றிதழ் கேட்டு விண்ணப்பிக்கும்போது உங்கள் பகுதிப் பொலிஸில் விசாரிப்பார்கள், அங்கே ஒரு ஹெல்மட் வழக்கு குறுக்கே நிற்கும். ஒரு குடும்பமே கடன் வாங்கி அனுப்பக் காத்திருக்கிற பிள்ளைக்கு இப்படி நடந்தால் எவ்வளவு பெரிய அடி!

செய்ய வேண்டியது, ஒரு லோயரைப் பிடித்து, அந்த நீதிமன்றத்தில் மோஷன் (வழக்கை எடுக்கச் சொல்லிக் கேட்கிற மனு) போட்டு, நீங்களாகவே முன்னிலையாகிப் பிடியாணையை நீக்கச் சொல்லிக் கேட்பது. தானாக வந்து நிற்கிறவரையும் பிடித்துக்கொண்டு வந்து நிறுத்தப்பட்டவரையும் நீதிமன்றம் ஒரே மாதிரிப் பார்ப்பதில்லை. கடிதம் கிடைக்கவில்லை என்றால் அதையும் சொல்லுங்கள். தோட்டத்து விலாசத்துக்குத் தனித்தனி லய இலக்கம் இல்லை என்பதையும், நீங்கள் அந்த நேரத்தில் வெளியூரில் வேலை செய்தீர்கள் என்பதையும் லோயர் மூலம் எடுத்துச் சொல்லலாம். வேலை செய்த இடத்திலிருந்து ஒரு கடிதம் இருந்தால் கொண்டு போங்கள்.

நான் தப்பே செய்யவில்லை என்றால்?

அப்போது தண்டப்பணத்தைக் கட்டவே கூடாது. கட்டினால் குற்றத்தை ஏற்றுக்கொண்டு முடித்ததாகத்தான் அர்த்தம், கட்டிவிட்டுப் பிறகு வாதாட முடியாது. கட்டாமல் விட்டு, கோர்ட்டில் சுற்றவாளி என்று சொல்லி வழக்கு விசாரணையை எதிர்கொள்ளலாம். சம்பவ இடத்தின் போட்டோ, கூட வந்தவரின் சாட்சி, வீதிக்கோடு அழிந்திருந்தால் அதன் படம், எல்லாவற்றையும் அன்றைக்கே சேர்த்து வையுங்கள். ஆனால் நேர்மையாகச் சொல்கிறேன், பல தவணை போக வேண்டி வரும், ஒவ்வொரு தவணையும் ஒரு நாள் சம்பளம். நியாயம் உங்கள் பக்கம் உறுதியாக இருந்தால் போங்கள், நானும் உங்கள் பக்கம். ஹெல்மட் போடாமல் கடைக்குப் போனது உண்மை என்றால் ஆயிரத்தைக் கட்டிவிடுங்கள்.

குடித்துவிட்டு ஓட்டியது, லைசன்ஸே எடுக்காமல் ஓட்டியது, இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டியது, மூடிய ரயில் கடவையைக் கடந்தது போன்றவற்றுக்கு இந்தத் தபாலக வழியே கிடையாது. அவை நேரடியாக நீதிமன்றம், குறைந்தபட்சத் தண்டமே 25,000 ரூபா என்று 2019இல் உயர்த்திவிட்டார்கள். லேனர் பர்மிட்டில் ஆட்டோ ஓட்டுகிற தம்பிமார் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

மிச்சமிருக்கிற இரண்டு விஷயம்

பழைய பைக்கை ஓப்பன் பேப்பரில், அதாவது பதிவைத் தங்கள் பெயருக்கு மாற்றாமல், வாங்கி ஓட்டுகிறவர்கள் சீக்கிரம் உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். கொழும்பில் 2024 ஜனவரியிலிருந்து வீதிக் கெமராவில் பார்த்துத் தண்டம் எழுதுகிறார்கள், அந்தக் கடிதம் பதிவில் உள்ள உரிமையாளருக்குத்தான் போகும். அவர் உங்களைத் தேடிப் பிடிக்கும்போது நாட்கள் ஓடியிருக்கும். விற்றவராக இருந்தாலும் இதே கவனம் வேண்டும், வேறொருவர் செய்த குற்றத்துக்கு உங்கள் வீட்டுக்குக் கடிதம் வரும்.

தபாலகப் பற்றுச்சீட்டோ கோர்ட் பற்றுச்சீட்டோ, பிடியாணை நீக்கிய உத்தரவின் பிரதியோ, எது கிடைத்தாலும் அதை வண்டிப் புத்தகம், இன்சூரன்ஸ் இருக்கிற அதே உறைக்குள் வைத்துக்கொண்டு திரியுங்கள், வீட்டில் அலுமாரிக்குள் வேண்டாம். நீதிமன்றத்தில் நீக்கிய பிடியாணை பொலிஸ் நிலையத்துப் புத்தகத்தில் வெட்டப்படச் சில வேளை நாளாகும். அந்த இடைவெளியில் நானுஓயாச் சந்தியில் மறித்துப் பெயரைப் பார்த்து நிறுத்தி வைத்தால், காட்டுவதற்கு அந்தத் தாள் உங்கள் கையில் இருக்க வேண்டும்.